குதிரையோடு ஆர்.வி. முகாம் பயணம்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

குதிரை ட்ரெய்லரை இழுத்துச் சென்று, காட்டோர முகாமில் ஆர்.வி. எனப்படும் வீட்டு வசதி கொண்ட வாகனத்தில் தங்கி, மறுநாள் காட்டுப்பாதையில் சவாரி செய்பவருக்கு ஒரே நேரத்தில் மூன்று பொறுப்புகள் சேர்கின்றன: ஒரு வாகனம், ஒரு தற்காலிக வீடு, பயந்தால் ஓடும் இயல்புடைய 450 அல்லது 500 கிலோ எடையுள்ள ஓர் உயிர். இவற்றுள் ஒன்றில் தெரியும் கோளாறுக்கான காரணம் பல சமயம் மற்றொன்றில், அதுவும் சில மணி நேரத்துக்கோ ஒரு நாளுக்கோ முன்பே பிறந்திருக்கிறது. முகாமில் இருமும் குதிரைக்குக் காரணம் ட்ரெய்லரில் அதன் தலையைக் கட்டிய உயரமாக இருக்கலாம்; நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் ஆடுவதற்குக் காரணம் குதிரைக்கென்று நிரப்பிய தண்ணீர்த் தொட்டியாக இருக்கலாம். ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறியும் அது கண்ணில் படும் இடத்தில் வைத்துச் சொல்லப்பட்டிருந்தாலும், சோதனை அதற்கு முந்தைய கட்டத்திலிருந்தே தொடங்குகிறது.

புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. குதிரை அமைதியாக நிற்கும்போது அதன் நாடித்துடிப்பு, மூச்சு, உடல்வெப்பம் ஆகிய மூன்றையும் இரண்டு மூன்று நாள் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நலமான வளர்ந்த குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரையிலும், மூச்சு 8 முதல் 16 வரையிலும், மலக்குடல் வெப்பம் 37.2 முதல் 38.3 பாகை செல்சியஸ் வரையிலும் இருக்கும். உங்கள் குதிரையின் சொந்த எண்கள் தெரியாவிட்டால், இரவு பதினொரு மணிக்குக் காட்டுக்குள் நின்று "இது வழக்கமா, நோயா" என்று ஊகிக்க வேண்டியிருக்கும்.

சாலையில்

அறிகுறி: வேகம் கூடியதும் ட்ரெய்லர் பக்கவாட்டில் ஆடுகிறது.

ஆடிக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இழுவை வாகனத்தின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. வேகத்தைக் கூட்டி ஆட்டத்தை நேராக்கவும் முயலக் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி, பிரேக் கண்ட்ரோலரில் உள்ள கைநெம்புகோலால் ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் மெல்ல இயக்க வேண்டும். ட்ரெய்லர் பின்னுக்கு இழுபட்டு நேராகும்.

வாகனத்தை நிறுத்திய பின் காரணத்தைத் தேடுங்கள். பின்பம்பரின் கீழ் பந்துக் கொக்கியில் மாட்டும் ட்ரெய்லராயின், அதன் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். சரக்குப் படுகையில் மாட்டும் கூஸ்நெக் வகையாயின் 15 முதல் 25 விழுக்காடு. இந்த அளவு குறையும்போதுதான் ஆட்டம் தொடங்குகிறது. வீட்டில் சரியாக இருந்த ட்ரெய்லர் பயண நாளில் மட்டும் ஆடுகிறதென்றால், அன்று புதிதாக ஏறியது எது என்று பாருங்கள். 200 லிட்டர் தண்ணீர் என்பது 200 கிலோ. தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால் அந்த எடை கொக்கியை மேலே தூக்கப் பார்க்கிறது. பாதி நிரம்பிய தொட்டியாயின் திருப்பத்தில் நீர் ஒரு பக்கம் மோதி ஆட்டத்தைத் தொடங்கியும் வைக்கிறது. உலர்புல் கட்டுகளைப் பின்கதவோரம் அடுக்குவதும் இதே விளைவைத் தரும். சுமையை முன்னே நகர்த்திய பிறகும் ஆட்டம் நிற்காவிட்டால் மட்டுமே டயர் அழுத்தத்தையும், ஆட்டம் தடுக்கும் கூடுதல் கருவிகளையும் பற்றி யோசியுங்கள். சுமையைச் சரிசெய்யாமல் கருவியை மாட்டுவது, காய்ச்சலுக்கு மருந்து தராமல் வெப்பமானியை ஒளித்து வைப்பது போன்றது.

இரண்டு குதிரை பக்கம்பக்கமாக நிற்கும் நேர்வரிசை ட்ரெய்லரில் ஒரே ஒரு குதிரையை ஏற்றினால், சாலையின் நடுக்கோட்டை ஒட்டிய பக்கத்தில் நிறுத்த வேண்டும். சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிவதால், எடை ஓரப்பக்கம் இருந்தால் ட்ரெய்லர் அந்தச் சரிவை நோக்கியே இழுக்கும். இரு குதிரைகளாயின், எடை கூடியதற்கு அந்த உள்பக்கம்.

அறிகுறி: ட்ரெய்லர் விளக்குகள் மினுக்குகின்றன, அல்லது இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் எல்லாம் சேர்ந்து எரிகின்றன.

பல்பை மாற்றும் முன் தரையிணைப்பு வயரைப் பாருங்கள். ஒரு விளக்கு மட்டும் அணைந்தால் பல்போ அதன் வயரோ பழுது. பல விளக்குகள் சேர்ந்து விசித்திரமாக நடந்துகொண்டால் தரையிணைப்பே பழுது. ஏழு முனை இணைப்பியின் வெள்ளை வயர் சட்டத்தோடு சேரும் இடத்தில் துரு ஏறியிருக்கும். சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். குதிரையின் சிறுநீர் ட்ரெய்லரின் அடிப்பகுதி உலோகத்தை அரிக்கும் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளுங்கள். அதே வேளையில், ட்ரெய்லர் கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்கும் அவசரக் கம்பியையும் சோதியுங்கள். அதன் முள்ளை இழுத்தவுடன் ட்ரெய்லர் சக்கரங்கள் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டவில்லையென்றால் அதற்கான சிறிய பேட்டரி செத்திருக்கும். அந்தக் கம்பியைப் பாதுகாப்புச் சங்கிலியோடு மாட்டாமல், வாகனத்தின் சட்டத்தில் தனியாக மாட்ட வேண்டும்.

அறிகுறி: ஒரு சக்கரத்தின் நடுக்குடம் மற்றவற்றைவிடச் சுடுகிறது.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் புறங்கையை ஒவ்வொரு குடத்தின் அருகிலும் கொண்டுசென்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால்தான் இந்த அறிகுறி தென்படும். ஒன்று மட்டும் சுடுகிறதென்றால் பேரிங்கில் கிரீஸ் வறண்டிருக்கலாம், அல்லது அந்தச் சக்கரத்தின் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள்: கரகரவென்று உராய்ந்தால் பேரிங், சுழலவே மறுத்தால் பிரேக். எல்லாக் குடங்களும் ஒரே அளவில் சூடாக இருந்தால், இறக்கத்தில் இறங்கி வந்ததன் இயல்பான வெப்பமே அது.

டயர் வெடித்தால், நெடுஞ்சாலை ஓரத்தில் குதிரையை இறக்கக் கூடாது. குதிரைகள் உள்ளே நிற்கும்போதே, நல்ல டயரை ஒரு சரிவுக்கட்டையின் மேல் ஏற்றிப் பக்கத்து டயரை மாற்ற முடியும். இரட்டை அச்சு ட்ரெய்லருக்கு அந்தக் கட்டை ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். ட்ரெய்லர் டயர்கள் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதே மிகுதி. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரித்த வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3219 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரம். ரப்பர் பளபளவென்று இருந்தாலும் அந்த டயரோடு மலையேற நான் துணிய மாட்டேன்.

அறிகுறி: குதிரை திருப்பங்களில் தடுமாறி, பக்கச் சுவரை உதைக்கிறது.

குதிரை திருப்பத்தில் சமநிலைக்காகக் கால்களை அகலப் பரப்பும். நடுத்தடுப்பு தரைவரை இறங்கியிருந்தால் கால் பரப்ப இடமின்றி, விழப்போவதாக உணர்ந்து சுவரில் ஏற முயலும். தடுப்பின் கீழ்ப்பகுதியை நீக்கிவிட்டாலோ, இடத்தை அகலமாக்கினாலோ பல குதிரைகள் அன்றே அமைதியடைகின்றன. அடுத்துத் தரையைப் பாருங்கள்: ரப்பர் பாய் நனைந்து வழுக்குகிறதா? பாயைத் தூக்கிவிட்டு மரப்பலகையை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தீர்களா? முனை எளிதாக உள்ளே போனால் பலகை உளுத்துவிட்டது. அதன் மேல் குதிரையை ஏற்றக் கூடாது.

இவையெல்லாம் சரியென்றால் மிஞ்சுவது ஓட்டுநர்தான். வெறும் ட்ரெய்லரில் ஒரு வாளியில் முக்கால் அளவு தண்ணீர் வைத்து, நீங்கள் வழக்கமாக ஓட்டுவது போலவே பத்துக் கிலோமீட்டர் ஓட்டித் திரும்பி வாருங்கள். சிந்திய நீர் உங்கள் பிரேக்கையும் திருப்பத்தையும் பற்றி உங்கள் குதிரை இதுவரை சொல்ல முயன்றதைச் சொல்லும்.

அறிகுறி: போகும்போது ஏறிய குதிரை, திரும்பும்போது ஏற மறுக்கிறது.

இதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்பவர்கள் பின்னாலிருந்து சாட்டையை வீசி, ஒரு மணி நேரத்தில் ஓர் ஆண்டுக்கான பிரச்சினையை உண்டாக்கிக்கொள்கிறார்கள். போகும்போது ஏறிய குதிரைக்கு ஏறத் தெரியும். வழியில் ஏதோ நடந்ததால்தான் மறுக்கிறது. மேலே சொன்ன தடுமாற்றம், உள்ளே தேங்கிய வெப்பம், தலையில் இடித்த கம்பி ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கும். நின்றுகொண்டிருக்கும் ட்ரெய்லரின் உள்ளே வெளியைவிட விரைவாகச் சூடேறும். ஜன்னல்களைத் திறந்து நிழலுக்கு நகர்த்திவிட்டு மீண்டும் முயலுங்கள். உள்ளே இருட்டாக இருந்தால், வெளிச்சம் விழும்படி ட்ரெய்லரைத் திருப்பி நிறுத்துவதே போதுமானதாக இருக்கும். முன்காலை வைத்து எடுக்க விடுங்கள், மீண்டும் வைக்கச் சொல்லுங்கள். அவசரம் தெரிந்தால் குதிரையும் அவசரப்பட்டு வெளியே பாயும்.

ஏற்றும்போது பின்தடுப்பை மூடிய பிறகே தலையைக் கட்ட வேண்டும். இறக்கும்போது தலையை அவிழ்த்த பிறகே பின்தடுப்பைத் திறக்க வேண்டும். இந்த வரிசையை எந்தச் சூழ்நிலையிலும் மாற்றக் கூடாது. தலை கட்டியிருக்கப் பின்பக்கம் திறந்திருந்தால், குதிரை பின்வாங்கிக் கயிறு இழுபட்டவுடன் கலவரமடைந்து, கயிறையோ கழுத்தையோ முறித்துக்கொள்ளும்.

முகாமில் முதல் நாள்

அறிகுறி: வந்து சேர்ந்தபின் குதிரை தண்ணீர் குடிக்கவில்லை.

ஒரு குதிரை சாதாரண நாளில் 20 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். வெயிலிலும் சவாரி நாளிலும் அதற்கு மேல். புதிய இடத்து நீரின் மணமோ சுவையோ மாறியிருந்தால் நாக்கை நனைத்துவிட்டு நிறுத்திவிடும். சில குதிரைகளுக்கு வாளியின் நிறம்கூடக் காரணமாகிறது. எனவே வீட்டு வாளியையே கொண்டுவருவதும், முதல் நாளுக்கு வீட்டு நீரையே கொண்டுவருவதும் எளிய வழிகள். அதற்கு இடமில்லையென்றால், புறப்படுவதற்குச் சில நாள் முன்பிருந்தே வீட்டு நீரில் சிறிது ஆப்பிள் சாறு கலந்து பழக்குங்கள். முகாமிலும் அதே சாறு கலந்தால் நீரின் வேற்று மணம் மறைந்துவிடும். வந்த பிறகு இதைத் தொடங்குவதில் பயன் குறைவு, ஏனெனில் அப்போது நீரும் புதிது, சாறும் புதிது.

குடிக்க மறுக்கும் குதிரைக்குள் நீரைச் செலுத்த இன்னொரு வழி தீவனம்: உலர்புல்லை அரைமணி நேரம் ஊறவைத்துக் கொடுங்கள். உப்புக்கரைசலைச் சிரிஞ்சில் வாய்க்குள் தள்ளுவது குடிக்கும் குதிரைக்கு நல்லது. குடிக்காத குதிரைக்கோ உடலில் எஞ்சிய நீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். சவாரி முடிந்து சூடாக இருக்கும் குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. தாகம் இருக்கும் அந்த நேரத்தில் குடிக்க விடுவதே நல்லது.

எந்த அளவுக்குக் கவலைப்பட வேண்டும் என்பதை ஈறு சொல்லும். மேலீற்றை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். ஈறு பிசுபிசுத்து, நிறம் திரும்ப மூன்று நொடிக்கு மேல் ஆனால், இது தண்ணீர்ப் பழக்கத்தின் கதையல்ல, மருத்துவரை அழையுங்கள்.

அறிகுறி: குதிரை தரையைக் கால்களால் கீறுகிறது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, படுத்துப் புரள்கிறது, லத்தி போடவில்லை.

கோலிக் என்னும் வயிற்றுநோவு இது. இதன் வேர் பெரும்பாலும் மேலே சொன்ன தண்ணீர்ப் பகுதியிலோ, தீவன மாற்றத்திலோதான் இருக்கிறது. வீட்டில் ஒரு வகை உலர்புல்லைத் தின்று பழகிய குதிரைக்கு முகாம் வாசலில் வாங்கிய வேறு வகையை ஒரே வேளையில் முழுதாக மாற்றிக் கொடுத்தால், குடலில் வாழும் நுண்ணுயிர்கள் தடுமாறுகின்றன.

தீவனத்தை உடனே அகற்றுங்கள். நாடியை எண்ணுங்கள்: கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் ஓடும் தமனியில் விரல் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். இரண்டு விலாக்களிலும் காதை வைத்துக் குடலின் கடமுட ஒலி கேட்கிறதா என்று பாருங்கள். முற்றிலும் அமைதியாக இருப்பது நல்ல அறிகுறியன்று. நாடி 60ஐத் தாண்டினால், அல்லது ஈறு கருஞ்சிவப்பாகவோ வெளுத்தோ இருந்தால், காத்திருந்து பார்க்கும் கட்டம் முடிந்துவிட்டது. குதிரை அமைதியாகப் படுத்திருந்தால் எழுப்ப வேண்டியதில்லை. வன்மையாகப் புரண்டால் மட்டும் மெல்ல நடத்துங்கள், மணிக்கணக்காக நடத்திக் களைப்படையச் செய்யாதீர்கள். எண்ணெயையோ கஷாயத்தையோ வாயில் ஊற்றவே கூடாது. நோவில் இருக்கும் குதிரையின் நுரையீரலுக்குள் அது இறங்கிவிடும். மருத்துவரிடம் பேசுவதற்கு முன் வலிநீக்கியும் தரக் கூடாது, ஏனெனில் அவர் தொலைபேசியில் கேட்கப்போகும் அறிகுறிகளை அது மறைத்துவிடும்.

முகாம்களில் கைபேசி எடுக்காத இடங்கள் பல. சிக்னல் கிடைக்கும் அருகிலுள்ள மேட்டையும், குதிரைகளைப் பார்க்கும் மருத்துவரின் எண்ணையும், முகாமின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் வந்து சேர்ந்த அன்றே ஒரு தாளில் எழுதி ஆர்.வி. கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். நாய்பூனை மட்டும் பார்க்கும் மருத்துவமனை இந்த நேரத்தில் உதவாது என்பதால், எண்ணை எழுதும்போதே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: வந்த ஒன்றிரண்டு நாளில் இருமல், மூக்கொழுகல், சோர்வு, 38.6 பாகைக்கு மேல் காய்ச்சல்.

குதிரை இயல்பாகத் தலையைத் தாழ்த்தி மேய்வதன் மூலமே மூச்சுக்குழாயில் சேரும் சளியையும் தூசியையும் வெளியேற்றுகிறது. ட்ரெய்லரில் பல மணி நேரம் தலையை உயர்த்திக் கட்டினால் அந்த வடிகால் அடைபட்டு, நுண்ணுயிர்கள் நுரையீரலுக்குள் இறங்கி, பயணக் காய்ச்சல் என்று குறிப்பிடப்படும் நுரையீரல் அழற்சி உண்டாகிறது. இது ஓய்வில் தானாகத் தீரும் சளியன்று. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும், சவாரி கூடாது. அடுத்த பயணத்தில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ட்ரெய்லருக்குள்ளேயே குதிரை தலையைத் தாழ்த்திக்கொள்ள அனுமதியுங்கள். மூக்கருகே தொங்கும் வலையில் உள்ள புல்லை நனைத்து வையுங்கள். குளிருக்குப் பயந்து காற்றுத் திறப்புகள் அனைத்தையும் அடைத்துவிடாதீர்கள்.

கட்டிய இடத்தில்

அறிகுறி: இரவில் கயிற்றில் கால் சிக்குகிறது, மரத்தைச் சுற்றிப் பள்ளம் தோண்டுகிறது, பட்டையைக் கடிக்கிறது.

இம்மூன்றும் ஒரே தவற்றின் மூன்று முகங்கள்: குதிரையை மரத்தோடு நேரடியாகக் கட்டியிருக்கிறீர்கள். இரு மரங்களுக்கு நடுவே, குதிரையின் தலைக்கு மேலே, குறைந்தது இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு கயிற்றை விறைப்பாகக் கட்டி, அதிலிருந்து பிடிகயிறைத் தொங்கவிடுவதே காட்டு முகாமின் முறை. மரத்தைச் சுற்றிக் கயிறு அறுக்காதபடி ஐந்து சென்டிமீட்டர் அகலப் பட்டையைப் பயன்படுத்துங்கள். மெல்லிய மரங்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிடிகயிறு கட்டும் இடம் கயிற்றின் மேல் வழுக்கி மரத்தண்டை அடையாதபடி முடிச்சோ நிறுத்தியோ வேண்டும். அதன் நீளமே எல்லாவற்றிலும் முக்கியம்: கொளுக்கி தரையிலிருந்து ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கினால், குதிரை தரையில் உள்ள புல்லை எட்டித் தின்ன முடியும், ஆனால் முன்கால் நுழையும் அளவுக்குக் கயிறு வளையாது. பகல் முழுவதும் நின்றபடி ட்ரெய்லரில் வந்த உயிர், இரவில் படுக்கவும் முடியாதபடி கட்டப்படுவது நியாயமன்று என்று எனக்குத் தோன்றும். படுத்தெழும் இடைவெளி தரும் மடிப்பு வேலி கிடைத்தால் அதையே நான் விரும்புவேன்.

சலிப்பால் பட்டையைக் கடிக்கும் குதிரைக்கு மரத்தின் வகையும் ஆபத்தாகலாம். பிளாக் லோக்கஸ்ட் மரத்தின் பட்டை, வாடிய ரெட் மேப்பிள் இலைகள், அரளி, யூ மரம் ஆகியவை குதிரைக்கு நஞ்சு. முன்னிரவு வெளிச்சம் இருக்கும்போதே தலைக்கு மேல் என்ன மரம் நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள். நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிக் கட்டுவதும், காலையில் லத்தியை வாரி உதிர்த்துப் பரப்புவதோ முகாம் விதிப்படி எடுத்துச் செல்வதோ அடுத்து வருபவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை. ஒரு குதிரை நாளொன்றுக்கு இருபது கிலோவுக்கு மேல் போடும்.

அறிகுறி: கையடக்க மின்வேலியில் அதிர்ச்சி இல்லை.

வறண்ட மண்ணில் நட்ட தரைமுளை மின்சாரத்தைத் திருப்பிக் கொண்டுவராது. முளையைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிவிட்டு மீண்டும் சோதியுங்கள். அதன் பின்னரே வேலியைத் தொடும் புல்லையும் அறுந்த இழையையும் தேடுங்கள். மின்வேலியை வாழ்க்கையில் பார்த்திராத குதிரைக்கு, காட்டு முகாமின் முதல் இரவு அதற்கான வகுப்பறையன்று. வீட்டில் பழக்கியிருக்க வேண்டும்.

அறிகுறி: ஆர்.வி.யின் குளிர்பெட்டி குளிரவில்லை.

எரிவாயுவில் இயங்கும் உறிஞ்சுவகைக் குளிர்பெட்டியாயின் வாகனம் மட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள். சரிவில் நிறுத்தி நெடுநேரம் ஓடவிட்டால் குளிராமல் போவதோடு பெட்டியே கெட்டுவிடும். குதிரைக்கு மேட்டு நிலம் தேடி நிறுத்துபவர்கள் இதை மறந்துவிடுவது வழக்கம்.

அறிகுறி: இரவில் விளக்கு மங்குகிறது, தண்ணீர் பம்ப் திணறுகிறது.

பேட்டரியின் மின்னழுத்தத்தை, எதுவும் ஓடாதபோது அளந்து பாருங்கள்: ஈயஅமில பேட்டரியில் 12.6 வோல்ட் என்றால் முழு மின்னேற்றம், 12.1 என்றால் ஏறத்தாழ பாதி. பாதிக்குக் கீழே இறக்கிக்கொண்டே போனால் பேட்டரி விரைவில் சாகும். மின்னழுத்தம் சரியாக இருந்தும் பம்ப் விட்டுவிட்டு அடித்தால், தொட்டி வற்றியிருக்கும் அல்லது வடிகட்டியின் மூடி வழியே காற்று புகுந்திருக்கும். குதிரைக்குத் தொட்டியிலிருந்து வாளி வாளியாக எடுத்தது யார் என்று முதலில் கேளுங்கள். ஜெனரேட்டரை ஓட்டித்தான் ஏற்ற வேண்டுமென்றால், அதன் புகை உங்கள் ஜன்னலுக்கும் குதிரைகள் நிற்கும் இடத்துக்கும் போகாத காற்றுத்திசையில் வையுங்கள். உள்ளே இருப்பவர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும், எல்லோரும் வெளியே வந்த பிறகே மற்றதைப் பேசுங்கள்.

காட்டுப்பாதையில்

அறிகுறி: சேணத்தைக் கழற்றியதும் வியர்வைக்கு நடுவே உலர்ந்த திட்டுகள், தொட்டால் குதிரை முதுகை இறக்குகிறது.

உலர்ந்த திட்டு என்பது அங்கே வியர்வைச் சுரப்பியே வேலை செய்ய முடியாதபடி சேணம் அழுத்தியது என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். சேணத்தின் அடியில் மடிந்த விரிப்பு, சிக்கிய முட்செடி, ஒரு பக்கம் கனத்த பை ஆகியவற்றை வரிசையாக நீக்கிப் பாருங்கள். இருபக்கப் பைகளின் எடையைக் கையில் தூக்கி ஒப்பிடுவது போதாது, தராசில் வையுங்கள். சவாரி செய்பவர், சேணம், பைகள் எல்லாம் சேர்ந்து குதிரையின் எடையில் 20 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. 500 கிலோ குதிரைக்கு 100 கிலோ. சவாரி முடிந்ததும் வயிற்று வாரை முதலில் தளர்த்தி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துச் சேணத்தை எடுத்தால் வீக்கம் குறையும். திட்டு இருக்கும் முதுகின் மேல் மறுநாள் ஏறக் கூடாது.

அறிகுறி: ஓய்வு நாளுக்கு அடுத்த நாள், சவாரி தொடங்கிய சிறிது நேரத்தில் பின்கால்கள் விறைத்து நின்றுவிடுகிறது, வியர்க்கிறது, சிறுநீர் காப்பி நிறத்தில் இருக்கிறது.

தசை இழைகள் சிதையும் நிலை இது. வழியில் நின்றுவிட்ட குதிரையை "முகாம்வரை நடத்திவிடலாம்" என்று இழுப்பதே இங்கே நிகழும் பெரிய தவறு. ஒவ்வோர் அடியும் தசையை மேலும் சிதைக்கும், சிதைந்த தசையின் நிறமி சிறுநீரகத்தைத் தாக்கும். இறங்குங்கள், நிறுத்துங்கள், குளிர் இருந்தால் பின்பகுதியைப் போர்த்துங்கள், தண்ணீர் காட்டுங்கள், ட்ரெய்லரை அது நிற்கும் இடத்துக்கு எவ்வளவு அருகில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு அருகில் கொண்டுவாருங்கள். காரணம் நேற்றைய தீவன வாளியில் இருக்கலாம்: உழைப்பு இல்லாத நாளிலும் முழு அளவு தானியம் போட்டிருப்பீர்கள். ஓய்வு நாளில் தானியத்தைக் குறைத்து உலர்புல்லை மட்டும் தாராளமாக வையுங்கள்.

இதைப் போலவே தோன்றி வேறாக இருப்பது குளம்பழற்சி. அதில் குதிரை முன்கால்களை முன்னே நீட்டி, எடையைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கும். குளம்பு சுடும், குளம்புக்கு மேலே கணுக்காலின் பின்புறம் நாடி வலுவாகத் துடிக்கும். முகாமில் பசும்புல்வெளியைக் கண்டு மகிழ்ந்து, பழக்கமில்லாத குதிரையை நாள் முழுவதும் அதில் மேயவிட்டீர்களா என்பதே முதல் கேள்வி. குளம்புகளைப் பனிநீரில் குளிர்வித்தபடி மருத்துவரை அழையுங்கள்.

அறிகுறி: சவாரி முடிந்தும் மூச்சு இறைக்கிறது, நாடி இறங்கவில்லை.

நிழலில் நின்று 20 நிமிடம் ஆன பின்னும் நாடி 60க்குக் கீழே இறங்காவிட்டால் அது சாதாரணக் களைப்பன்று. சேணத்தை அகற்றி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். ஈரத்துணியைப் போர்த்தினால் அது வெப்பத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

அறிகுறி: லாடம் தொங்குகிறது, அல்லது காணவில்லை.

முறுக்கித் தொங்கும் லாடத்தை அப்படியே விட்டு நடத்தினால், அதன் ஆணியையே குதிரை மிதித்துக்கொள்ளும். குளம்புச் சுவரின் வெளிப்பக்கம் மடக்கியிருக்கும் ஆணிமுனைகளை அரத்தால் தேய்த்துவிட்டு, குதிகால் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி நெம்பி எடுத்து, குளம்புக் காலணியை மாட்டி, நடந்தே திரும்புங்கள். ஆனால் பாதையில் கிடந்த அந்நிய ஆணியொன்று அடிக்குளம்பில் ஆழமாகக் குத்தியிருந்தால், மருத்துவர் எட்டும் தூரத்தில் இருந்தால் அதை நீங்களே பிடுங்காதீர்கள். அது மேலும் உள்ளே போகாதபடி சுற்றிலும் கட்டை வைத்துக் கட்டிவிடுங்கள், ஆணியின் திசையும் ஆழமும் எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும். புதிய லாடத்தைப் புறப்படும் முந்தைய நாள் அடிப்பதைவிட ஒரு வாரம் முன்பே அடித்துவிட்டால், தவறாக இறங்கிய ஆணி வீட்டிலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி: ஓடையில் இறங்க மறுக்கிறது, அல்லது இறங்கி நின்று முன்காலால் நீரை அடிக்கிறது.

முதலாவதற்கு, பழகிய குதிரை ஒன்றை முன்னே விட்டு, ஒளி எதிரொளிக்காத கோணத்தில் அணுகுங்கள். இரண்டாவதற்கு, உடனே கால் அழுத்தி முன்னே செலுத்துங்கள்: நீரை அடிக்கும் குதிரை அடுத்துச் செய்யப்போவது படுத்துப் புரள்வதுதான், அதன் முதுகில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதை அது பொருட்படுத்தாது. தரைக்குளவிக் கூட்டை முன்குதிரை மிதித்துவிட்டாலும் இதே விதி பொருந்தும். நின்று பார்க்காமல் எல்லோரும் விரைந்து கடக்க வேண்டும்.

அறிகுறி: முகவாய் திடீரென வீங்குகிறது.

பாம்பு கடித்திருக்கலாம். குதிரை மூக்கால் மட்டுமே மூச்சுவிடும், வாயால் விடாது; ஆதலால் வீக்கம் மூக்குத்துளையை மூடும் முன் மருத்துவரை எட்டுவதே இங்கு முக்கியம். தலைக்கயிறைத் தளர்த்துங்கள், குதிரையைப் பதற்றப்படுத்தாதீர்கள், கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம்.

நுழைவாயிலில்

அறிகுறி: முகாம் வாசலிலோ மாநில எல்லையிலோ திருப்பி அனுப்புகிறார்கள்.

அமெரிக்காவில் பயணம் செய்தால் மூன்று தாள்களைக் கையில் வைத்திருங்கள். முதலாவது, குதிரைத் தொற்றுச் சோகை நோய் இல்லை என்று காட்டும் காகின்ஸ் சோதனை முடிவு; அந்த நோய்க்குக் குணமும் இல்லை, கடிக்கும் ஈக்கள் அதைப் பரப்பும் என்பதால் மாநிலம் தாண்டும் குதிரைகளுக்குப் பெரும்பாலும் 12 மாதத்துக்குள் எடுத்த சோதனை கேட்கப்படுகிறது. இரண்டாவது, கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று. இது பொதுவாக 30 நாளே செல்லும், இரண்டு வாரப் பயணத்தை நீட்டிப்பவர்கள் திரும்பும் வழியில் மாட்டிக்கொள்வது இதனால்தான். மூன்றாவது, மேற்குப் பகுதித் தேசிய வனங்கள் பலவற்றில் கட்டாயமான, களைவிதை இல்லை என்று சான்று பெற்ற தீவனத்தின் அடையாளம். அந்தத் தீவனத்தை வாசலில் தொடங்குவதில் பொருளில்லை: முன்பு தின்ற களைவிதை குடலைக் கடந்து வெளியேற இரண்டு மூன்று நாளாகும், அந்த நாட்களை வீட்டிலேயே கழித்துவிட வேண்டும்.

வீடு திரும்பிய பின்

அறிகுறி: குதிரை நலமாகத்தான் தோன்றுகிறது.

முகாமில் பிற குதிரைகள் குடித்த தொட்டியில் குடித்துத் திரும்பிய குதிரையை, வீட்டில் விட்டுச்சென்றவற்றோடு உடனே சேர்க்காதீர்கள். மூக்கோடு மூக்கு தொடாத தனியிடத்தில் வைத்து, இரண்டு வாரம் காலையும் மாலையும் வெப்பம் எடுத்து, புறப்படும் முன் எழுதிய அதே தாளில் எழுதி வாருங்கள். தொற்றுக்காய்ச்சல் பல சமயம் இருமலுக்கு முன்பே வெப்பமானியில் தெரியும். ட்ரெய்லரின் பாய்களைத் தூக்கி, தரையைக் கழுவி, காயும்வரை திறந்து வையுங்கள்.